போர்வெல் தண்ணீரும் ரேடியேட்டரும்

திருமங்கலம் தாண்டியதும் காரின் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, ரேடியேட்டர் மூடிக்குள் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, ஊற்றுவது வீட்டு போர்வெல் தண்ணீர் என்று எழுதியிருந்தீர்கள். சார், அந்தத் தண்ணீரை இன்றே நிறுத்துங்கள். அதைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். நகத்தால் சுரண்டினாலும் போகாத அதே சுண்ணாம்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் அப்புகிறது. உப்பு வேறு அலுமினியத்தை அரிக்கும். என் பழைய காரின் வாட்டர் பம்பைக் கழற்றியபோது, உள்ளே சுழலும் இறக்கைகளின் ஓரமெல்லாம் கரையான் தின்றது போல இருந்தது. மனசே கேட்கவில்லை.

முதலில் மெக்கானிக்கிடம் கொடுத்து ஃப்ளஷ் செய்யுங்கள். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில் இருக்கட்டும். அப்புறம் கார் கையேட்டில் சொன்ன வகை கூலன்ட், அதாவது இன்ஜின் சூட்டைத் தணிக்கும் திரவம். தண்ணீர் கலக்காத கான்சன்ட்ரேட் என்றால் பெரும்பாலும் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர், கலந்தே வரும் ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே. நம்ம ஊரில் பனியா உறைகிறது, தண்ணீர் உறையாமல் காக்கும் கூலன்ட் எதற்கு என்பார்கள். கேட்காதீர்கள். துருவைத் தடுக்கும் மருந்தே அதில்தான் இருக்கிறது, கொதிநிலையும் கூடும். அந்த மருந்து நாளாக நாளாகத் தீர்ந்துபோகும், அதனால் சொன்ன காலத்தில் மாற்றிவிடுங்கள். நிறம் ஒன்றாக இருக்கிறதே என்று வேறு வகையைக் கலக்க வேண்டாம்.

இதற்குப் பிறகும் முள் ஏறினால், சூட்டைப் பொறுத்து கூலன்டைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டையும் ஃபேனையும் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது. பழைய கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். தெருநாய் நக்கும்படி வாசலில் ஊற்றிவிடாதீர்கள்.