பழைய போர்டு, புது முதலாளி: ஏமாந்த ராத்திரி சாப்பாட்டுக்கு என்ன வழி?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் ஈரோடு. சின்ன வயதிலிருந்து போய்வந்த அசைவ மெஸ் ஒன்று நாலு மாதம் மூடிக் கிடந்து, கைமாறி, அதே பெயரில் மறுபடி திறந்திருக்கிறது. அப்புச்சியையும் அம்மாயியையும் (அம்மாவைப் பெற்றவர்கள்) கூட்டிக்கொண்டு ராத்திரி சாப்பாட்டுக்குப் போனோம். பள்ளிபாளையம் சிக்கன் தக்காளிக் குழம்பாக வந்தது. நாட்டுக்கோழி வறுவல் என்று வந்தது பிராய்லர் மாதிரிதான் இருந்தது. அப்புச்சி ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மூடிவிட்டார். பில்லில் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் வேறு. ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: செய்யலாம். ஆனால் உங்கள் குறைகள் மூன்றும் மூன்று விதம். அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ருசி. ஈரோட்டிலிருந்து காவிரியைத் தாண்டினால் பள்ளிபாளையம். அந்தக் கறியின் பக்குவம் உங்கள் அப்புச்சிக்கு நாக்கிலேயே இருக்கும்: சின்ன வெங்காயம், விதை உதிர்த்த வரமிளகாய், மஞ்சள், கறிவேப்பிலை, கூடவே பல்லில் கடிபடுகிற தேங்காய்ச் சில்லு. மசாலாத் தூளும் தக்காளியும் அதில் சேராது. கோழி விடுகிற தண்ணீரிலேயே வெந்து சுருள வேண்டும். அது குழம்பாக வந்தது என்றால் பழைய மாஸ்டர் அங்கே இல்லை என்றே நான் நினைப்பேன். மெஸ் விற்கும்போது பெயரும் பாத்திரமும் கைமாறும், மாஸ்டர் கூடவே வருவார் என்பது நிச்சயமில்லை. இந்த ஏமாற்றத்துக்குச் சட்டத்தில் மருந்து கிடையாது. முதலாளியிடம் நேரில் சொல்வதுதான் வழி. கூட்டம் இல்லாத பிற்பகல் 3 மணிக்கு மேல் போய், எந்தப் பண்டத்தில் என்ன குறை என்று சொல்லுங்கள். புதிதாகக் கடை எடுத்தவருக்குப் பழைய வாடிக்கையாளர் பேச்சு மிகவும் தேவை.

நாட்டுக்கோழி விஷயம் வேறு. ஒன்றைச் சொல்லி இன்னொன்றை விற்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக முறை. நாட்டுக்கோழியின் எலும்பு கெட்டியாக இருக்கும், கறி நாராக இழுக்கும், வேகவே நேரம் பிடிக்கும். எலும்பு விரலில் நசுங்கி, கறி பஞ்சு மாதிரி பிரிந்தால் சந்தேகப்படலாம். சந்தேகம் வந்த நிமிடமே சாப்பிடுவதை நிறுத்தி, மெனு கார்டையும் தட்டையும் போட்டோ எடுத்துவிட்டு மேனேஜரைக் கூப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்த பிறகு கையில் ஆதாரம் மிஞ்சாது. உங்கள் விஷயத்தில் இந்தப் புகார் நிற்பது கஷ்டம்தான்.

பில்லில் உங்கள் பக்கம் வலு அதிகம். சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. கணக்கைப் பாருங்கள்: சாப்பாடு 1,840 ரூபாய் என்றால் சர்வீஸ் சார்ஜ் 184. இரண்டையும் கூட்டி 2,024க்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி போட்டால் 2,125 ரூபாய் 20 காசு. சர்வீஸ் சார்ஜ் இல்லாமல் 1,932தான். அதாவது அந்த 184க்கும் சேர்த்து வரி கட்டியிருக்கிறீர்கள். அடுத்த முறை, "இதை எடுத்துட்டு வேற பில் போடுங்க" என்று பணம் கட்டுமுன்பே சொல்லுங்கள். இப்போது, பில் கையில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, 2 வருட அவகாசமும் உண்டு. ஆனாலும் இந்தத் தொகைக்கு அவ்வளவு அலைய வேண்டாம் என்பேன்.

பில்லை வைத்திருப்பதில் இன்னொரு பயன் உண்டு. உணவு உரிமம் கடையோடு சேர்த்து விற்கிற பொருள் கிடையாது. வாங்கியவர் தன் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். உரிமத்தின் 14 இலக்க எண் பில்லில் இருக்க வேண்டும், உரிமமும் கடையில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். எண்ணே இல்லையென்றாலும், உரிமத்தில் பழைய முதலாளி பெயரே இருந்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 வாட்ஸ்அப் எண்ணுக்குப் புகார் அனுப்புங்கள். கறியில் புளித்த வாடை அடித்தாலும் இதே எண்தான். அப்படிப்பட்ட கறியைச் சூடு பண்ணித் தந்தாலும் தொடாதீர்கள். சில கிருமிகள் விட்ட நஞ்சு சூட்டில் அழியாது.

அப்புறம், அப்புச்சிக்காக ஒன்று. மெஸ்ஸுக்கு எதிரே டீக்கடை இருந்தால், பழைய மாஸ்டர் இப்போது எங்கே இருக்கிறார் என்று அங்கே கேளுங்கள். டீக்கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும்.