அமெரிக்காவுல வெல்ஃபேர், அதாவது ஏழைக் குடும்பங்களுக்கு அரசு குடுக்குற பண உதவி, வாங்குற பெண்கள் யோசிக்கிற விதமே வேறயா, அதுக்குக் காரணம் இனமா படிப்பா?

இனத்தை மட்டும் வச்சுப் பேசுறது சுத்த அபத்தம்ங்க. 1976ல அதிபர் வேட்பாளராகப் போட்டி போட்ட ரீகன் பேசிப் பேசியே வெல்ஃபேர்னா கறுப்பினப் பெண்ணுன்னு ஒரு பிம்பம் ஒட்டிக்கிச்சு, ஆனா வெள்ளைக்காரப் பெண்களும் நிறையவே வாங்கிட்டுதான் இருந்தாங்க.

யோசிக்கிற விதம்னு நாம சொல்றதுல பாதி பணநெருக்கடிதான். 2013ல வந்த ஒரு ஆய்வு, நியூஜெர்சி மால்ல ஆளுங்களப் பிடிச்சு, கார் ரிப்பேருக்கு 150 டாலர் ஆகும்னா என்ன பண்ணுவீங்கன்னு யோசிக்க வச்சு அப்புறம் புதிர் குடுத்தாங்க, ஏழை பணக்காரன் ரெண்டு பேரும் ஒரே மாதிரி பண்ணாங்க, அதே 1500 டாலர்னதும் ஏழைங்க மார்க் மட்டும் சடார்னு இறங்கிருச்சு. இதே ஆய்வுல நம்ம விழுப்புரம், திருவண்ணாமலை கரும்பு விவசாயிங்களும் உண்டு, வெட்டுக்கு முன்னாடி கையில காசில்லாதப்ப வந்த மார்க்கவிட வெட்டு முடிஞ்சு பணம் வந்தப்புறம் அதே ஆளு நல்லா பண்ணாரு.

படிப்பு முக்கியம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா 1996ல அதிபர் கிளின்டன் கையெழுத்துப் போட்ட வெல்ஃபேர் சட்டம் முதல்ல வேலைக்குப் போங்குது, மத்திய அரசு பணத்துல உதவி மொத்தமே 60 மாசம், தொழிற்கல்வி படிச்சா அதை வேலைக்கணக்குல சேர்க்கிறது 12 மாசம் வரைக்கும்தான், ரெண்டு வருஷ நர்சிங் கோர்ஸ் சேர்ந்த அம்மா என்னதான் பண்ணுவாங்க சொல்லுங்க.