படங்களுக்கு நடுவே ஒரு கிட்டார்

வணக்கம்.

நான் ஸ்வீடனில் வசிக்கிறேன். ஸ்டாக்ஹோமின் ஃபோட்டோகிராஃபிஸ்கா என்ற புகைப்பட அருங்காட்சியகத்தில், தானே எழுதி மெட்டமைத்துப் பாடும் ஒருவரின் நிகழ்ச்சியைக் கேட்டேன். அதேபோல் இங்கே ஒரு சிறிய புகைப்பட அருங்காட்சியகத்தில், குளிர்காலத்தில், 60 பேர் முன்னால் நண்பரைப் பாடவைக்கப் போகிறோம். கூடம் 15 மீட்டர் நீளம், 8 அகலம், 4 உயரம், சிமென்ட் தரை. கைதட்டினாலே எதிரொலிக்கிறது. பெரிய ஸ்பீக்கர் வைத்தால் சரியாகுமா? புகையும் மேடை விளக்கும் கூடாது என்கிறார்களே, அவ்வளவு கெடுபிடி தேவையா?

எம்.

அன்புள்ள எம்.,

பெரிய ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் கூடும், பாட்டின் சொல் அதில் கரைந்துபோகும். இந்த மாதிரிப் பாடகரைச் சொல்லுக்காகத்தானே கேட்க வருகிறோம்! ஃபோட்டோகிராஃபிஸ்காவும் கச்சேரிக்காகக் கட்டிய இடமல்ல. 1906-இல் எழுந்த சுங்கக் கட்டடம், 2010-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

உங்கள் கூடம் 480 கன மீட்டர். காலியாக இருந்தால் ஒலி அடங்க மூன்றரை வினாடிபோல ஆகும். 60 பேர் உட்கார்ந்ததும் ஒன்றரை வினாடியை ஒட்டி இறங்கிவிடும். பாட்டுக்கு ஒரு வினாடி இருந்தால் நல்லது. படமில்லாத சுவரோரம், தனியாக நிற்கும் சட்டத்தில், கனத்த திரையை மடிப்பு மடிப்பாக 20 சதுர மீட்டராவது தொங்கவிடுங்கள். இழுத்துக் கட்டினால் பலன் பாதிதான். காலிக் கூடத்துச் சோதனையை நம்பி ஒலி மிக்சரில் தொனியைக் குறைத்துத் தள்ளாதீர்கள். ஆட்கள் வந்ததும் குரல் சோகை பிடித்துவிடும்.

பாடகரைக் குறுகிய சுவரில் நிறுத்துவதுதான் வழக்கமான தவறு. 15 மீட்டர்ச் சுவரின் நடுவே, சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார வையுங்கள். முதல் வரிசை அவரிடமிருந்து ஒன்றரை மீட்டர். வரிசைக்கு 12 நாற்காலி, ஐந்து வரிசை, இடைவெளி 90 செ.மீ. எல்லோரும் ஆறு மீட்டருக்குள் வந்துவிடுவார்கள். பின்சுவர்ப் படங்களுக்கும் யார் தோளும் படாது.

சிறிய ஸ்பீக்கர் இரண்டு போதும். சுவரைப் பார்க்காமல், தலைகளை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கட்டும். கிட்டார் மைக்கை ஒலித்துளைக்கு நேரே வைத்தால் கும்மென்று இரையும். கிட்டார்க் கழுத்தின் பன்னிரண்டாம் கட்டைக்கு (ஃப்ரெட்) எதிரே 20 முதல் 30 செ.மீ. தள்ளி வையுங்கள். ஊளையிட்டால் மைக்கை எடுத்துவிட்டு கிட்டாரிலேயே பொருத்திய ஒலிவாங்கியான பிக்கப்புக்கு மாறுங்கள். ரிவெர்ப் (கருவியில் சேர்க்கும் எதிரொலி) பூஜ்யம், கூடமே வேண்டிய அளவு தருகிறது.

கெடுபிடி நியாயமானதுதான். வண்ணப் பிரதிகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) என்பது பரவலான வரம்பு. வெளிச்சத்தால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது. மேடை விளக்கு ஒரு படத்தின்மேல் 500 லக்ஸ் வீதம் இரண்டு மணி நேரம் சிந்தினால், அந்தப் படம் நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற கணக்கில் இரண்டரை நாள் காட்சி வெளிச்சத்தை ஒரே மாலையில் வாங்கிவிடும். குறுகிய கற்றை எல்இடி ஒன்று, பாடகரின் முகத்துக்கு மட்டும், பின்னால் படமில்லாத இடத்தில் என்று கேட்டுப்பாருங்கள், சம்மதிக்கலாம். புகையைக் கேட்காதீர்கள்: அது படலமாகப் படியும், தீ எச்சரிக்கையையும் அலறவைக்கும்.

பனியில் நனைந்த கோட்டுகள் வெளியிலேயே இருக்கட்டும். ஒலியை நன்றாக உறிஞ்சும்தான், ஆனால் ஈரத்தையும் கொண்டுவரும். புகைப்படத் தாளின் ஜெலட்டின் பூச்சு ஈரத்தைக் குடித்தால் பிரதி சுருளும், கண்ணாடியிலும் ஒட்டலாம். கிட்டாரை ஒரு மணி நேரம் முன்பே கொண்டுவந்து, அதன் உறையின் குளிர் விட்டதும் திறந்து வையுங்கள். குளிரில் முறுகியிருந்த கம்பி, வெதுவெதுப்பில் தளர்ந்து சுருதி இறங்கும். அது நின்றபிறகு சேர்த்தால் போதும்.