மூன்று பயிற்சி மாணவர்களா? முதலில் மேற்பார்வையாளரைத் தேடுங்கள்

கேள்வி: மட்டக்களப்பில் செங்கலடிப் பக்கம் சிறிய பால் பதனிடும் நிலையம் ஒன்றை நடத்துகிறோம். தயிரும் யோகட்டும் செய்கிறோம்; ஊழியர்கள் பன்னிரண்டு பேர். மூன்று மாணவர்களை ஆறு மாதப் பயிற்சிக்கு ஏற்க முடியுமா என்று கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. முன்பு வந்த இருவர் லேபல் ஒட்டியும் பில் எழுதியும் காலத்தைப் போக்கிவிட்டுச் சான்றிதழோடு போனார்கள். அவர்களுக்கும் பயனில்லை, எங்களுக்கும் பயனில்லை. இம்முறை எப்படி நடத்துவது?

பதில்: மூவரை எடுக்காதீர்கள். ஒருவரை எடுங்கள், மிஞ்சினால் இருவர். பன்னிரண்டு பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரு மாணவருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் கிடைப்பதே பெரிய காரியம். முன்பு வந்தவர்கள் லேபல் ஒட்டியது அவர்களுடைய சோம்பலால் என்று நான் நினைக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஆளில்லாத இடத்தில், கண்ணில் பட்ட வேலையைத்தான் எவரும் செய்வார்கள்.

ஆகவே மாணவரைத் தெரிவுசெய்வதற்கு முன் மேற்பார்வையாளரைத் தெரிவுசெய்யுங்கள். 'நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று முதலாளிமார் சொல்வார்கள். தயவுசெய்து நீங்கள் வேண்டாம். ஒரு நாள் வங்கி, ஒரு நாள் கொழும்பு, மற்ற நாட்களில் தொலைபேசி என்று ஓடுகிறவருக்காக மாணவர் கதவடியில் காத்திருக்க வேண்டி வரும். உற்பத்திக்குப் பொறுப்பானவரையோ பால் பரிசோதிப்பவரையோ நியமியுங்கள். அவருடைய அன்றாட வேலையில் கொஞ்சத்தைப் பிரித்து வேறொருவரிடம் கொடுங்கள். இருக்கிற வேலைக்கு மேல் ஏற்றிவைக்கும் மேற்பார்வை இரண்டாம் கிழமையே சரிந்துவிடும். முதல் இரண்டு கிழமைகள் நாளுக்கு ஒரு மணித்தியாலமாவது போகும். பிறகு காலையில் பத்து நிமிடமும் கிழமைக்கு ஒரு தடவை உட்கார்ந்து பேச ஒரு மணித்தியாலமும் போதும். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு நாளும் நேரமும் குறித்துவிடுங்கள். பால் வண்டி பிந்தினாலும் அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் ஆளுக்கு ஒரு கூச்சம் இருக்கக்கூடும்: 'நான் சாதாரண தரம் வரைதான் படித்தேன், பட்டப்படிப்புப் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுப்பது?' பாலைச் சூடாக்கும்போது புரதத்துக்கு என்ன நடக்கிறது என்று மாணவர் சொல்லுவார். எந்தக் கேனைத் திறந்த உடனேயே திருப்பி அனுப்ப வேண்டும் என்று உங்கள் ஆளுக்குத்தான் தெரியும். இதை மாணவர் முன்னிலையில், முதல் நாளே நீங்கள் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு மரியாதைப் பிரச்சினை வராது.

அடுத்தது வேலை. நீங்கள் உண்மையிலேயே விடை தேடுகிற, ஆனால் விடை கிடைக்காவிட்டாலும் உற்பத்தி நிற்காத ஒரு கேள்வியை மாணவரிடம் கொடுங்கள். உங்கள் தொழிலில் அப்படியொன்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில், வாவிக்கு மேற்கே படுவான்கரையிலிருந்து வரும் பால் எந்தப் பாதையில், எந்த இடத்தில் புளிக்கிறது? கறந்த பாலை விரைவாக 4 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிரவைக்காவிட்டால் பக்டீரியா மளமளவென்று பெருகும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கரடியனாற்றுப் பக்கக் கேன் வெயிலில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று யாராவது எழுதிவைத்திருக்கிறார்களா? கறந்த நேரம், வந்து சேர்ந்த நேரம், பாலின் வெப்பநிலை, பாலில் அற்ககோல் கலந்து பார்க்கும் பரிசோதனையில் திரிந்ததா இல்லையா என்று ஒவ்வொரு சேகரிப்பு இடத்துக்கும் மாணவர் ஒரு மாதம் பதிந்தால், பாதையை மாற்றுவதா, நேரத்தை மாற்றுவதா, அங்கேயே ஒரு குளிரூட்டி வைப்பதா என்று தீர்மானிக்க உங்கள் கையில் ஏதாவது இருக்கும். அடுத்த மாதங்களில் மாற்றத்தைச் செய்துபார்த்து மறுபடி அளக்கலாம். ஓர் ஆய்வறிக்கைக்கு இது தாராளம்.

லேபல் ஒட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் கிழமை எல்லா மேசையிலும் நிற்கட்டும், கேனும் கழுவட்டும். யோகட்டுக்கான பாலை 90 பாகையளவுக்குச் சூடாக்கி, 43 பாகை வரை ஆறவிட்டுக் கல்ச்சர் (பாலை உறையவைக்கும் பக்டீரியா) சேர்ப்பதை நாலு நாள் நின்று பார்த்தவருக்கே பிறகு கேட்கத் தெரியும். அது நாலாம் மாதமும் தொடர்ந்தால்தான் கோளாறு.

கொதிகலன், கழுவப் பயன்படும் கோஸ்டிக் சோடா, அமிலம் ஆகியவற்றில் மாணவரைத் தனியாக விடாதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்புறுதி யாருடையது என்பதைப் பீடத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விடியற்காலைப் பால் எடுப்புக்குப் போக வேண்டுமானால், போகவும் வரவும் வாகனம் உங்கள் பொறுப்பு. கடைசி பஸ் போன பிறகு ஒரு பிள்ளையை வீதியில் நிறுத்தாதீர்கள். இதோடு சேர்ந்த இன்னொன்று: மேற்பார்வையாளரைப் பற்றியே முறையிட வேண்டி வந்தால் யாரிடம் போவது என்று முதல் நாளே ஒரு பெயரைச் சொல்லுங்கள், அது பெண் ஊழியராக இருந்தால் நல்லது. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொல்லை குற்றம். வேலைத்தளத்தில் அதிகாரத்தில் இருப்பவர் செய்வதும் அதில் அடங்கும். உங்கள் ஆட்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

மாணவர் எழுதும் பயிற்சி நாட்குறிப்பேட்டுக்கு வருவோம். ஆறு மாதத்துப் பக்கங்களையும் கடைசி நாளில் ஒரே பேனாவால் கையொப்பமிட்டுத் தள்ளுவது நம்மிடம் பரவலாக உள்ள வழக்கம். விரிவுரையாளருக்கும் அது தெரியும், பார்த்தும் பாராமல் விடுகிறார். மேற்பார்வையாளரை வெள்ளிதோறும் அதை வாசித்து, கையொப்பத்துக்கு மேல் ஒரு வரியாவது எழுதச் சொல்லுங்கள்: 'மூன்றாம் நாள் வெப்பமானியைச் சரிபார்க்கவில்லை' என்பது போல. அறிக்கையை மாணவர் ஆங்கிலத்தில் எழுதுவார், அது பல்கலைக்கழகத்துக்கு. கிழமைக் கூட்டம் உங்கள் ஆளுக்கு விளங்கும் மொழியில் நடக்கட்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சிங்கள மாணவர்களும் படிக்கிறார்கள். அப்படி ஒருவர் வந்தால், இரண்டு மொழியும் ஓரளவு தெரிந்த ஊழியரை முதல் மாதம் பக்கத்தில் விடுங்கள்.

கொடுப்பனவு கட்டாயமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும் கொடுக்க முடியாத இடம் பயிற்சி மாணவரை எடுக்கக் கூடாது.

இனிக் கடிதத்துக்குப் பதில் எழுதுங்கள். ஒருவரை ஏற்கிறோம் என்பதையும், மேற்பார்வையாளரின் பெயரையும், மேலே சொன்ன கேள்வியையும், வேலை நேரத்தையும் ஒரே பக்கத்தில் அடக்குங்கள். பொறுப்பான விரிவுரையாளர் ஆறாம் கிழமையளவில் ஒரு தடவை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுத் திகதியையும் குறியுங்கள். கடைசி மாதத்தில் வந்து பார்த்து எதையும் திருத்த முடியாது. மூவரையும் எடுத்தாக வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்தினால், மற்ற இருவருக்கும் வேறு இடம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது மேற்பார்வையாளர் ஒருவரை நீங்கள் பழக்கிய பிறகு அடுத்த தொகுதியில் இருவரைக் கேட்கலாம்.