கரண்ட் போனால் சம்ப் வழியுமா?

கேள்வி: 120 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரத்தில் பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி செய்யச் சொல்லப் போகிறேன். கீழே ஸ்டாண்டுக்குள் 90 × 40 × 40 செ.மீ. அளவில் சம்ப் (மேல் தொட்டியின் நீர் இறங்கிச் சேரும் கீழ்த் தொட்டி; அங்கிருந்து பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றும்). கரண்ட் போனால் மேலே உள்ள தண்ணீர் எல்லாம் இறங்கித் தரையில் ஓடிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாயில், நீரை ஒரே பக்கமாக மட்டும் விடுகிற செக் வால்வு போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். போதுமா?

பதில்: போதாது. ஆனால் நீங்கள் பயப்படுகிற மாதிரி எல்லாத் தண்ணீரும் இறங்கிவிடாது.

பம்ப் நின்றதும் ஓவர்ஃப்ளோ (தொட்டி நீர் வழிந்து சம்ப்புக்கு இறங்கும் பெட்டி) விளிம்புக்கு மேலே உள்ள நீர் மட்டும் வழியும். வில்லங்கம் ரிட்டர்ன் குழாயில்தான். அதன் வாய் நீருக்குள் மூழ்கியிருந்தால், வாய் வெளியே தெரிகிற வரை நீரைத் திரும்பக் கீழே இழுக்கும். உங்கள் தொட்டியில் 1 செ.மீ. இறங்கினால் 6 லிட்டர். வாய் 3 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 18 லிட்டர், 20 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 120 லிட்டர். ஆகவே வாயை மேல்மட்டத்தை ஒட்டியே வையுங்கள். குழாய்களிலும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் நிற்பதைச் சேர்த்து 30 லிட்டர் என்று கணக்கு வைத்தால், உங்கள் சம்ப்பில் அது 8 செ.மீ.க்குச் சற்று மேல் ஏறும். பம்ப் ஓடும்போது சம்ப்பின் மட்டம் 24 செ.மீ.யைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்போது அந்த செக் வால்வு. புதிதில் அழகாக மூடும். கடல்நீரில் சில மாதம் போனதும் சுண்ணாம்புப் படிவும் குழாய்ப் புழுக்களும் அதில் குடியேறும். ஒரு மணல் துகள் இடுக்கில் சிக்கினாலே மூடாது. மூடவில்லை என்பது கரண்ட் போகிற ராத்திரியில்தான் தெரியும். வால்வு விற்கிறவருக்கு எல்லாவற்றுக்கும் வால்வுதான் மருந்து! காற்று புகுந்து இழுப்பை நிறுத்தட்டும் என்று ரிட்டர்ன் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே போடுகிற காற்றுத் துளையும் அப்படித்தான், பாசியும் நத்தையும் அடைத்துவிடும். இரண்டையும் வேண்டுமானால் வையுங்கள், நம்பிவிடாதீர்கள்.

அடுத்தது, எதிர்ப்பக்கத்து ஆபத்து. இறங்கும் குழாயை ஒரு நத்தை அடைத்துவிட்டால், ரிட்டர்ன் அறையில், அதாவது சம்ப்பில் பம்ப் இருக்கும் தடுப்பில், உள்ளது முழுவதையும் பம்ப் மேலே தள்ளும். அந்த அறையில் 20 லிட்டர் இருந்தால் தொட்டியில் 3 செ.மீ.க்கு மேல் ஏறும். தொட்டியின் மேல் விளிம்புக்குக் கீழே 5 செ.மீ. இடம் விடுங்கள். அதற்காக அறையை ரொம்பச் சுருக்கவும் கூடாது. ஆவியாவது நன்னீர் மட்டும், உப்பு தங்கிவிடும். அந்தக் குறைவு ரிட்டர்ன் அறையில்தான் தெரியும். தினமும் ஆர்.ஓ. நீர் ஊற்றாவிட்டால் பம்ப் காற்றை இழுக்கத் தொடங்கும்.

பம்ப்பின் அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு, துளிகூட உயரம் ஏற்றாதபோது கிடைப்பது. அப்படி ஒரு பம்ப்பை யார் வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. உங்களுக்கு மணிக்கு 900 முதல் 1500 லிட்டர் மேலே போய்ச் சேர்ந்தால் போதும். பவளத்துக்கான நீரோட்டத்தைத் தொட்டிக்குள் இருந்து நீரை அலைக்கும் வேவ்மேக்கர் பார்த்துக்கொள்ளும். ‘மணிக்குத் தொட்டி நீரைப் போலப் பத்து மடங்கு சுழற்சி’ என்று பெரிய பம்ப்பைத் தலையில் கட்டுவார்கள், விடுங்கள்.

ஒரு விதிவிலக்கு. உங்களுக்குப் பொருந்தாது, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஏற்கெனவே நீர் நிரப்பிய, இறங்கும் குழாய்க்குத் துளையில்லாத தொட்டி வைத்திருப்பவர்களுக்கு விளிம்பில் தொங்குகிற ஓவர்ஃப்ளோவை விற்பார்கள். அதன் வளைகுழாயில் காற்று சேர்ந்தால், கரண்ட் திரும்பியதும் பம்ப் ஓடும், தண்ணீர் மட்டும் கீழே இறங்காது. அவர்கள் ரிட்டர்ன் அறையை, அதன் நீர் முழுவதும் மேலே ஏறினாலும் தொட்டி வழியாத அளவுக்குச் சிறியதாக வைத்தே தீர வேண்டும். டெம்பர்டு கண்ணாடியாக இருந்தால் துளையிடவும் முடியாது, தூள்தூளாகிவிடும். நீங்கள் புதிதாகச் செய்கிறீர்கள். ஒட்டுவதற்கு முன்பே சாதாரணக் கண்ணாடியில் துளை போட்டுத் தரச் சொல்லுங்கள். ‘அப்புறம் போட்டுக்கொள்ளலாம்’ என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

உப்பு கலக்கும் முன் வெறும் தண்ணீரில் ஓட்டி, பம்ப்பை நிறுத்துங்கள். எல்லாம் இறங்கி அடங்கியதும் சம்ப்பில் இரண்டு விரற்கடை இடமாவது மீதி இருக்க வேண்டும். சரியாக இருந்தால் பம்ப்பைத் திரும்பப் போட்டு, ஓட்டம் நிலைத்ததும் ரிட்டர்ன் அறையில் உள்ள மட்டத்தை மார்க்கரால் கோடு போடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஒருநாளும் நிரப்பாதீர்கள்.