கோலாலம்பூரில் கல்லூரி புட்சால் போட்டிக்கு நிறுவனங்களிடம் ஸ்பான்சர் வாங்குவது எப்படி?

16 குழுக்களை வைத்து ஒருநாள் புட்சால் (குழுவுக்கு ஐவர் ஆடும் சிறு கோர்ட் கால்பந்து) போட்டி நடத்தப் போகிறோம், பெரிய நிறுவனங்களுக்குக் கடிதம் போட்டும் பதிலே வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான மாணவர் கிளப் கடிதங்கள் கிளப்பின் வரலாற்றையும் ஒற்றுமை, ஒழுக்கம் பற்றியும் இரண்டு பக்கம் பேசும். கடிதத்தைப் பிரிப்பவர் தேடுவது வேறு: அன்று அங்கே யார் வருவார்கள், எத்தனை பேர், அவர்கள் கண்ணில் எங்கள் பெயர் எத்தனை முறை படும்?

அதனால் முதலில் கணக்குப் போடுங்கள். பிரிவுக்கு 4 குழு என்றால் பிரிவு ஆட்டங்கள் 24. காலிறுதி முதல் இறுதி வரை, மூன்றாம் இட ஆட்டத்தையும் சேர்த்தால் 8. மொத்தம் 32. ஆட்டத்தின் ஒவ்வொரு பாதிக்கும் 10 நிமிடம் வைத்து, இடைவேளையும் குழு மாறும் நேரமும் சேர ஓர் ஆட்டத்துக்கு 25 நிமிடம் ஒதுக்கினால், இரண்டு கோர்ட்டில் 6 மணி 40 நிமிடம் ஆகும். பரிசளிப்புக்கும் தாமதத்துக்கும் இடம் விட்டு 8 மணி நேரம் எடுங்கள். குழுவுக்கு 10 பேர் என்றால் ஆட்டக்காரர்கள் 160. நடுவர், மேலாளர், தொண்டர்களோடு 200. ஆளுக்கு 3 கேன் வைத்தால் 600, அதாவது 24 கேன் அடங்கிய 25 கார்ட்டன். ‘பானம் கொடுத்து உதவுங்கள்’ என்பதற்குப் பதில் ‘25 கார்ட்டன்’ என்று எழுதுங்கள். மைலோ, 100பிளஸ் மாதிரி விளையாட்டோடு ஒட்டிய பெயர்களிடம் பணத்தைவிடப் பொருள் கேட்பது சுலபம். ஆனால் ஒரே போட்டியில் இரண்டு பான நிறுவனங்களைச் சேர்க்காதீர்கள். கேட்பதற்கு முன், கல்லூரிக்கே ஏதாவது பான நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்கிறதா என்றும் விசாரித்துவிடுங்கள்.

பணத்துக்குப் பக்கத்திலேயே பாருங்கள். பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் பக்கம் உள்ள வாழையிலை உணவகம், பல் கிளினிக், பிசியோதெரபி நிலையம், டியூஷன் சென்டர் எல்லாவற்றிலும் முதலாளியை நேரில் பார்த்துப் பேசலாம். ஐந்து கடைகள் தலா 500 ரிங்கிட் கொடுத்தாலே 2,500. பெரிய நிறுவனம்தான் வேண்டும் என்றால் மூன்று நான்கு மாதம் முன்பே போங்கள். அவர்களுடைய பட்ஜெட் பெரும்பாலும் முந்தைய ஆண்டுக் கடைசியிலேயே முடிவாகிவிடும். பினாங்கில் நடத்துபவர்கள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஆள் எடுக்கும் பிரிவை அணுகலாம். பொறியியல் மாணவர்கள் கூடும் இடம் அவர்களுக்கு வேண்டும். அந்தச் செலவுக்கு அவர்களிடம் தனிப் பணம் இருக்கும்.

சிகரெட், வேப் விற்பவர்கள் எவ்வளவு கொடுக்க முன்வந்தாலும் வேண்டாம். 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் இத்தகைய விளம்பரத்தையும் ஸ்பான்சரையும் தடை செய்கிறது.

அதிகம் சறுக்குவது பணம் கைக்கு வரும் நேரத்தில். நிறுவனம் பில் கிடைத்து 30 முதல் 60 நாள் கழித்துத்தான் கொடுக்கும். ஜெர்சிக் கடைக்கோ பாதிப் பணம் முன்பே வேண்டும், கோர்ட்டுக்கும் முன்பணம் உண்டு. ஆகவே பாதிப் பணம் கையெழுத்தானதும், மீதிப் பணம் போட்டி முடிந்து அறிக்கை தந்ததும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். கடிதம் மாணவர் விவகாரப் பிரிவு வழியாகப் போகட்டும்; பணம் கல்லூரிக் கணக்கிலோ அவர்கள் அனுமதித்த கிளப் கணக்கிலோ விழட்டும். பொருளாளரின் சொந்தக் கணக்கு எண்ணைப் பார்த்தால் எந்தக் கணக்குப் பிரிவும் பின்வாங்கும், அது நியாயமும்கூட.

லோகோ விஷயத்தில் கவனம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அப்படியே ஜெர்சிக் கடைக்கு அனுப்பினால் ஓரம் மங்கி அச்சாகும். எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் கோப்பு கேளுங்கள். மஞ்சள் ஜெர்சியில் வெள்ளை லோகோ தெரியாது என்பதால் வெளிர், அடர் என இரண்டு நிறத்திலும் வாங்கிவையுங்கள். மாதிரிப் படத்துக்கு நிறுவனத்தின் ஒப்புதலை மின்னஞ்சலில் பெற்ற பிறகே அச்சுக்குக் கொடுங்கள். பலர் மறப்பது பிப் என்ற கையில்லாத மேல்சட்டை. ஓரத்தில் உட்காரும் மாற்று ஆட்டக்காரர்கள் அதை ஜெர்சிக்கு மேலே போட்டிருப்பார்கள், நெஞ்சில் உள்ள லோகோ மறைந்துவிடும். பிரதான ஸ்பான்சரின் பெயரைப் பிப்பிலும் அச்சடியுங்கள், செலவு அதிகமில்லை.

சாலையோரப் பந்திங் (தொங்கும் விளம்பரத் துணி) தருகிறோம் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதற்கு மாநகராட்சி அனுமதி வேண்டும். விளம்பரத்தில் உள்ள மலாய் வாசகத்தை அரசின் மலாய் மொழி அமைப்பான டேவான் பஹாசாவும் சரிபார்க்க வேண்டும். கல்லூரி வளாகத்துக்குள் தொங்கவிடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சில ஸ்பான்சர்கள், குறிப்பாகக் காப்புறுதி முகவர்கள், ஆட்டக்காரர்களின் பெயர், போன் நம்பர் பட்டியலைக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்க, அந்த மாணவர்கள் உங்களை நம்பித்தான் நம்பர் கொடுத்தார்கள். கேட்ட ஸ்பான்சருக்குப் போட்டி இடத்தில் ஒரு மேசை போட்டுக்கொடுங்கள். விருப்பமுள்ளவர் தாமே எழுதிக் கொடுப்பார்.

‘வரி விலக்கு கிடைக்கும்’ என்று கடிதத்தில் போடுவதும் தவறு. வருமான வரிச் சட்டத்தின் 44(11பி) பிரிவு தரும் சலுகை, அங்கீகாரம் பெற்ற விளையாட்டு நடவடிக்கைக்கும் அமைப்புக்கும் மட்டுமே. அது இல்லையென்றால் நிறுவனம் இதை விளம்பரச் செலவாகக் காட்டுவதா என்பதை அவர்களுடைய கணக்காளர் பார்த்துக்கொள்வார்.

போட்டி முடிந்து இரண்டு வாரத்துக்குள் நாலு பக்க அறிக்கை அனுப்புங்கள்: வந்தவர் எண்ணிக்கை, லோகோ தெளிவாகத் தெரியும் பத்துப் படங்கள், சமூக ஊடகப் பதிவுகளைப் பார்த்தவர் எண்ணிக்கை, செலவுக் கணக்கு. அந்தப் படங்களை எடுக்கவென்றே ஒருவரைக் காலையிலேயே நியமித்துவிடுங்கள். இறுதி ஆட்டம் சூடுபிடித்த பிறகு பேனர் யார் நினைவுக்கும் வராது.