கோத்தகிரியில் சரிவில் கட்டும் வீட்டுக்கு எத்தனை ஆக்சஸ் பாயின்ட் வேண்டும், எங்கே வைப்பது?

சாலை மட்டத்தில் ஹால், அதற்குக் கீழே படுக்கையறைகள், நடுவில் வரும் காங்கிரீட் இன்னும் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல நேரத்தில் கேட்டீர்கள். ஆக்சஸ் பாயின்ட் என்பது கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டி. அதை எந்தக் கம்பெனியில் வாங்குவது என்பதைக் குடிபோகும் மாதத்தில்கூட முடிவு செய்யலாம். இந்த வாரம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நெட்வொர்க் கேபிளுக்குத் தனிப் பைப் போடச் சொல்லுங்கள். கரன்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் சேர்த்து விட வேண்டாம்.

குன்னூரில் எங்கள் வீடும் இப்படித்தான், மேலே ஹால், கீழே அறைகள். கம்பத்திலிருந்து ஃபைபர் வந்து இறங்கிய ஹால் மூலையிலேயே ரவுட்டரை வைத்துவிட்டோம். நேர் கீழே அப்பாவின் அறை. இடையில் காங்கிரீட், மண் பக்கம் ஒன்றரை அடிக் கருங்கல் சுவர். தம்பியோடு வீடியோ காலில் பேச, முட்டி வலியோடு தினமும் படியேறி வருவார். அப்புறம் கேபிள் இல்லாமல் ஒன்றிலிருந்து ஒன்று சிக்னல் வாங்கிப் பரப்பும் மெஷ் ரவுட்டர் ஜோடி ஒன்று வாங்கி, ஒன்றை அவர் அறையிலேயே வைத்தேன். ஒன்றும் மாறவில்லை. சிக்னல் வராத இடத்தில் வைத்த பெட்டி எதை வாங்கி எதைக் கொடுக்கும்? படிக்கட்டுத் திருப்பத்துக்கு மாற்றியபோது வீடியோ கால் துண்டாகவில்லை, ஆனால் வேகம் பாதியானது. பெட்டிக்குள் இருக்கும் ஒரே ரேடியோ சிக்னலை வாங்கவும் வேண்டும், திருப்பி அனுப்பவும் வேண்டும் என்றால் அப்படித்தான் ஆகும். கடைசியில் பூச்சு முடிந்த சுவரைக் கொத்திக் கேபிள் இழுத்தோம். அந்தச் செலவும் தூசியும் உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் வீட்டுக்குத் தளத்துக்கு ஒன்று, ஆக இரண்டு போதும். மேலே ஹால் கூரையின் நடுவில், கீழே அறைகளுக்கு இடைப்பட்ட நடை கூரையில். கூரையில் மாட்டும் வகை குடை விரித்ததுபோல் கீழ்நோக்கிப் பரவும். அதையே வெளிச்சுவரில் மாட்டினால் பாதி சிக்னல் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும். சமவெளி வீடுகளில் ஃபேனுக்கென்று கூரையில் பாக்ஸ் இருக்கும். நம் ஊரில் ஃபேன் போடுவதில்லை, அதனால் கேட்டு வாங்காவிட்டால் யாரும் பாக்ஸ் விடமாட்டார்கள். கீசர், பெரிய கண்ணாடி, இரும்பு பீரோ பக்கத்தில் வேண்டாம். குளிருக்காக அலுமினியத் தாள் ஒட்டிய ஷீட்டைக் கூரையில் அடித்தால், ஆக்சஸ் பாயின்ட் அதற்குக் கீழே இருக்க வேண்டும். மரக் கூரை பெரிதாகத் தடுக்காது.

நெட்வொர்க் கேபிள் கேட்6 (Cat6) வகை, சுத்தச் செம்பு. அலுமினியத்துக்குச் செம்பு பூசியது விலை குறைவுதான், ஆனால் அதே கேபிளில் மின்சாரமும் போகப் போகிறது, சூடாகும். பிஓஇ (PoE) ஸ்விட்ச், அதாவது நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரத்தையும் அனுப்பும் பெட்டி, வாங்கினால் ஆக்சஸ் பாயின்ட் பக்கத்தில் பிளக்கே வேண்டாம். ஸ்விட்ச், ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றுக்கும் ஒரே யுபிஎஸ் போதும். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரன்ட் போனாலும் யுபிஎஸ் பேட்டரி தீரும்வரை வைஃபை நிற்காது. சாதாரண பிஓஇ ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும். நீங்கள் வாங்கும் மாடலுக்கு அது போதுமா என்று மட்டும் பாருங்கள். வைஃபை 6 வகையே தாராளம்.

நிரந்தரமாக மாட்டும் முன், ஏணியில் கூரை உயரத்தில் கட்டி, கதவுகளைச் சாத்திவிட்டு ஃபோனோடு நடந்து பாருங்கள். சிக்னல் அளக்கும் ஆப்பில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு -67 டிபிஎம் (dBm) அருகில் இருந்தால் வீடியோ கால் நன்றாக ஓடும். -75 ஆகிவிட்டால் இடத்தை மாற்றுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, ஒன்றுக்குச் சேனல் 1, மற்றதற்கு 6 அல்லது 11. பவரை முழுதாக ஏற்றாதீர்கள், மீடியம் போதும். ஏற்றினால் கீழே இறங்கிய பிறகும் ஃபோன் மேல்தளப் பெட்டியையே பிடித்துக்கொண்டிருக்கும்.

தோட்டத்தில் தனி அறை கட்டும் எண்ணம் இருந்தால் அங்கே செம்புக் கேபிள் வேண்டாம், ஃபைபர் இழுங்கள். ஐப்பசி இடிமழையில் வெளியே போகும் செம்பு, மின்னலை வீட்டுக்குள் கொண்டுவரும்.

பைப்புக்குள் நைலான் கயிறு ஒன்றை விட்டு, இரண்டு முனையையும் சிமென்ட் போகாமல் அடைக்கச் சொல்லுங்கள். கம்பி கட்டி முடித்ததும், காங்கிரீட் ஊற்றும் முன், பைப் போகும் வழியை ஃபோனில் படமெடுத்து வையுங்கள்.